தலையணைக்கு அடியில் செட் மாத்திரை

2010 வாக்கில் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தேன். அங்கே சேரும் எல்லோருக்கும் காலையும் மாலையும் கேஸ் ஊசி உண்டு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஊசிக்கு வார்டில் அதுதான் பெயர். கை முறிந்து வந்தவருக்கும் அதே ஊசி, காய்ச்சல்காரருக்கும் அதே ஊசி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

புதிதாக வந்த பெரிய டாக்டர் கேட்டார். நோயாளி சேர்ந்த மூன்றாம் நாள் அவர் சீட்டை நான் பார்க்க வேண்டும், தேவையில்லாத ஊசிக்குச் சிவப்புக் கோடு போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கி நிறுத்த வேண்டும் என்று விதி போட்டார். நல்ல விதிதான். அதுவரை ஜன்னலுக்குள் உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுத்தவள், சிவப்புப் பேனாவோடு வார்டுக்குள் நடந்தேன். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது.

திருக்கை மீனின் முள் குத்திக் கால் வீங்கிய மீனவர் ஒருவர் சேர்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவர் கட்டிலருகே நின்று, வீட்டில் ஏதாவது மருந்து சாப்பிடுவதுண்டா என்று கேள்வித் தாளில் இருந்தபடியே கேட்டேன். இல்லை என்றார். வயிற்றில் தொந்தரவும் இல்லை. கோடு போட்டேன், டாக்டர் கையெழுத்திட்டார்.

ஐந்தாம் நாள் காலை கழிவறை வாசலில் மயங்கி விழுந்தார். மலம் தார் போலக் கறுத்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார் நர்ஸ். ரத்தம் ஏற்றினார்கள், நிறுத்திய ஊசியைத் திரும்பப் போட்டார்கள். படுக்கையை மாற்றும்போது தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை மடித்த நாலைந்து காகிதப் பொட்டலங்கள் விழுந்தன.

மருந்தே சாப்பிடுவதில்லை என்றாரே என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"இது மருந்தா? செட்டும்மா. ஒடம்பு வலிக்கு தெனம் கடையில வாங்கிப் போட்டுக்கினுதான் கடலுக்குப் போவாரு. இங்கயும் போட்டாரு."

குமராட்சிப் பக்கம் பிறந்தவள் நான். நடவு நாட்களில் என் அப்பாவும் அதே பொட்டலத்தைத்தான் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். வலி மாத்திரைகள் கலந்த அந்தச் செட் வயிற்றை அரிக்கும் என்று படித்துத் தேர்ச்சியும் பெற்றவள். ஆனாலும் 'செட் போடுவீங்களா' என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மீனவர் கண் திறந்து கஞ்சி கேட்கும்வரை இரண்டு நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்டில் யார் வேகமாக நடந்தாலும் செத்துவிட்டார் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

பெரிய டாக்டர் திட்டவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே என்றார். அது என் பயத்தைக் குறைக்கவில்லை. விதியை அவர் நீக்கவில்லை. தாளில் மட்டும் ஒரு கேள்வியை நான் சேர்த்தேன்: செட் மாத்திரை போடுவீர்களா?

வீட்டுக்குப் போகும் நாளில் மீனவரின் மனைவி மருந்து ஜன்னலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க குடுத்த ஊசிதாம்மா அவர பொழைக்க வச்சிது. நல்லா இருப்பீங்க."

அதை நிறுத்தியவளே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தெந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.