ரீஸ்டார்ட் அக்காவின் நாற்பத்தொரு கணினிகள்

மதியம் ஒன்றேகாலுக்கு, எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் அக்கா தன் அறையிலிருந்து கிளம்புவார். கையில் ஒரு பழைய டைரி, காதோரம் செருகிய பென்சில். எந்த நாற்காலியில் ஆளில்லையோ அதில் உட்கார்ந்து நான்கு தட்டு தட்டுவார். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பொத்தானுக்குப் பக்கத்தில், யாருமே தொடாத இன்னொரு பொத்தான் இருக்குமல்லவா, அதை அமுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். கை கழுவிக்கொண்டு திரும்புகிறவருக்கு நீலத் திரையும் அதில் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளைப் புள்ளிகளும்தான் மிச்சம்.

“என்னக்கா இது, பாதி டைப் பண்ணி வெச்சிருந்தேனே?”

“சேவ் பண்ணிட்டுத்தான் அமுக்கினேன். போய் ஒரு டீ குடிச்சிட்டு வா, அதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிடும்.”

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதையே சொல்லிச் சொல்லி, அந்தக் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் அவர் ரீஸ்டார்ட் அக்கா ஆகிவிட்டார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, சத்தமில்லாத நடை. அங்கிருக்கும் நாற்பத்தொரு கணினிகளும் பதினெட்டு வருடமாக அவர் பொறுப்பு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் விரலகலத்துக்கு ஒரு காகிதம் ஒட்டி, உள்ளே எது எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். அப்டேட் வந்ததும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். பேனாவில் எழுதக் கூடாதா என்று கேட்டால், “எதுவும் நிரந்தரம்னு நெனச்சாத்தானே பேனா” என்பார்.

அக்காவுக்கு வைரஸ்மேல் கூட அத்தனை கோபம் கிடையாது. அவருடைய ஜென்ம விரோதி பிளகின். பிரவுசருக்குள் உட்கார்ந்துகொண்டு படமும் வரைபடமும் காட்டுகிற குட்டி நிரல் அது. அலுவலக மேலாளர் ஒருமுறை வாய் தவறி, “அது மேல உங்களுக்கு அப்படி என்னம்மா பகை?” என்று கேட்டுவிட்டார். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சார், நாம கொண்டுவந்து வெச்ச பிளகின்னா நாமளே அப்டேட் போட்டுக்கலாம். இது ஆபரேட்டிங் சிஸ்டத்தோடயே ஒட்டிக்கிட்டு வந்தது. பொண்டாட்டி கூடவே வந்து வீட்டுல தங்கிட்ட மச்சான் மாதிரி. போன்னு சொல்ல முடியாது. உடம்பு சரியில்லையேன்னு நாம மருந்து வாங்கிக் குடுத்தா, நம்ம கையால குடிக்கவும் மாட்டான். அவங்கக்கா கையால குடுத்தாத்தான் குடிப்பான். அந்தம்மா மருந்தக் கையில எடுக்குறது மாசத்துக்கு ஒரு தடவ.”

மேலாளர் வீட்டில் அப்படி ஒரு மச்சான் உண்மையிலேயே ஏழு வருடமாக இருக்கிறார். அதன் பிறகு அவர் தொழில்நுட்பம் பற்றி எதுவும் கேட்பதில்லை.

பிளகினில் ஓட்டை இருக்கிறது என்று அதைச் செய்தவர்கள் அறிவிக்கும் நாளுக்கும், அதை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வழியாக வந்து சேரும் நாளுக்கும் நடுவே சில சமயம் இரண்டு வாரம்கூட ஓடிவிடும். அந்த இரண்டு வாரமும் அக்காவிடம் பேச்சுக் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. “ஓட்ட இருக்குறது ஊருக்கே தெரிஞ்சாச்சு. அடைக்கிற ஆளு மட்டும் இன்னும் கிளம்பல” என்று முணுமுணுத்தபடி நடப்பார். மூன்றாவது மாடியில் யாராவது ஓசி வால்பேப்பர் தேடினால் முதல் மாடியில் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். வீட்டிலும் இதே கதைதான். பேருந்து ஓட்டுநரான அவர் கணவர், மனைவி சமையலறையிலிருந்து வெளியே வரும் சத்தம் கேட்டதும் தன் கைபேசியைக் கவிழ்த்து அதன்மேல் செய்தித்தாளை வைத்துவிடுவார். அதில் அறுபத்து மூன்று அப்டேட்டுகள் பாக்கி.

இப்படிப்பட்ட அக்காவுக்குச் சென்ற மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கணினிப் பராமரிப்பை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாமா என்று தலைமை அலுவலகம் யோசிக்கிறதாம். வெள்ளிக்கிழமை பரிசோதனை. நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் கணினிகளில் ஒன்றே ஒன்று பழைய பதிப்பில் இருந்தாலும் பொறுப்பு கை மாறும். அக்காவுக்குத் தலைமை அலுவலகத்தில் தபால் பிரிவு. பரிசோதிக்க வருவதும் அந்த நிறுவனத்தின் ஆளேதான். யார் மூளையில் உதித்த ஏற்பாடோ.

அக்கா காட்டிக்கொள்ளவில்லை. “நாப்பத்தொண்ணும் சுத்தம். வரட்டும்” என்றார். ஆனால் உறை ஒட்டும் மேசையில் உட்கார்ந்திருப்பதாக இரண்டு நாள் கனவு கண்டதாக டைப்பிஸ்ட் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பயந்துதான் போயிருந்தார்.

புதன்கிழமை ஒரு கீபோர்டு எடுக்கச் சாமான் அறைக்குப் போனார். மூலையில் துணி போர்த்திய பழைய கணினி ஒன்று. மேலே ‘பழுது’ என்று அவருடைய கையெழுத்திலேயே காகிதம் ஒட்டியிருந்தது. கால் இடறாமலிருக்க அதன்மேல் கையை ஊன்றினார். சுட்டது.

பழுதான பெட்டிக்குக் காய்ச்சல் எப்படி வரும்? துணியை விலக்கினார். திரையில் நகரத்தின் குழாய்களெல்லாம் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தன. கீழே பிளகினின் பதிப்பு எண். மூன்று வருடத்துப் பழசு.

விவரம் இதுதான். தெருத்தெருவாக வால்வு திறந்து மூடும் பிரிவின் தலைவரை எல்லோரும் வால்வுக்காரர் என்பார்கள். அவருக்கு வேண்டிய குழாய் வரைபடத்தைச் செய்துகொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பிளகினை அப்டேட் செய்தால் அந்த வரைபடம் திறக்காது. வேறு ஏற்பாடு கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று வருடமாகப் பதில். ஆகவே வேறொரு பெட்டியிலிருந்து ‘பழுது’ காகிதத்தைக் கிழித்து இதில் ஒட்டி, அக்கா கண்ணில் படாமல் வாழவைத்திருக்கிறார். அலுவலகம் முழுக்க இது தெரியும். காவலாளிக்குக்கூடத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது.

“என் கையெழுத்தையே எனக்கு எதிரா திருப்பிட்டியே தம்பி” என்றார், வால்வுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி.

“அக்கா, நீங்க அந்தப் பட்டன அமுக்கினா, குழாய் ஒடஞ்சா நான் ரோட்டுல காத வெச்சுத்தான் கேக்கணும். போன வாரம் ஆஸ்பத்திரித் தெருவுல ஒடஞ்சதே, இதப் பாத்துத்தான் பத்து நிமிஷத்துல அடைச்சேன்.”

“நாளன்னைக்கு அந்தாளு வந்து இதக் கண்டுபிடிச்சான்னா நான் உறை ஒட்டப் போகணும். அது தெரியுமா உனக்கு?”

அக்காவின் விரல் மவுஸின் மேலேயே இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் தன் வேலை பிழைக்கும். பத்து நிமிடத்தில் அடைத்த தெருவை அப்புறம் நாள் முழுக்கத் தோண்ட வேண்டியிருக்கும். அக்கா விரலை எடுத்துவிட்டு, “போய் உன் வேலயப் பாரு” என்றார்.

வியாழக்கிழமை காலை பூராவும் அக்கா சாமான் அறையை விட்டு வெளியே வரவில்லை. நெட்வொர்க்கிலிருந்த வரைபடக் கோப்புகள் ஒவ்வொன்றையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே நகலெடுத்தார். அதன் பிறகு கத்தரிக்கோலை எடுத்து நெட்வொர்க் கேபிளை நறுக்கென்று வெட்டினார். “இனிமே வெளிக்காத்து படாது. உள்ளேயே கெடந்து வேல செய்யட்டும்” என்று வால்வுக்காரரிடம் சொன்னார். மூன்று வருடம் தன்னை ஏமாற்றியவர்களின்மேல் இருந்த கோபத்தை, அன்று மதியம் மூன்றாவது மாடிக் கணினிகள் முழுவதையும் இரண்டு தடவை அணைத்துப் போட வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்த பரிசோதகர் பளபளப்பான ஆள். கழுத்துப்பட்டையில் அடையாள அட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. மேலாளரின் மேசையிலேயே தன் மடிக்கணினியை விரித்து, நெட்வொர்க்கில் இணைத்து, எல்லாக் கணினிகளையும் வரிசையாகத் தேடும் நிரலை ஓடவிட்டார். அறை முழுக்கக் கூட்டம். வேலை இருப்பவர்கள்கூட வந்து நின்றார்கள்.

“மொத்தம் நாப்பத்திரெண்டு” என்றார் பரிசோதகர். “நீங்க நாப்பத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.” திரையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “ஒண்ணு பழசு. சிஸ்டத்தோட வந்த பிளகின்தான். நாலு மாச செக்யூரிட்டி அப்டேட் போடல.” சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

வால்வுக்காரரின் முகம் சுண்டிவிட்டது. எழுந்தார். “சார், அது வந்து, அக்கா மேல தப்பு...”

அக்கா அவரைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார். அவர் உட்காரவில்லை. தனக்காக அவர் எழுந்து நின்ற அந்த நொடியில் மிச்சமிருந்த கோபமும் அக்காவுக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த நொடியே ஒரு சந்தேகம். வேறு கேபிளை வெட்டிவிட்டோமா?

“அதோட நெட்வொர்க் நம்பர் என்ன காட்டுது?” என்று கேட்டார்.

“கடைசி மூணு எண் ஒண்ணு, ஒம்பது, ஏழு.”

அக்கா டைரியைப் புரட்டினார். நாற்பத்தொன்றில் அந்த எண் இல்லை. சாமான் அறைப் பெட்டிக்கும் அது இல்லை. நாலு மாசம்தானே சொன்னார், அதுவோ மூன்று வருடத்துப் பழசு. டைரியை மூடினார். நேரே சுவர் ஓரமாகப் போய்க் குனிந்தார். இணைப்புத் துளையில் அன்றுதான் புதிதாகச் செருகியிருந்த நீலக் கேபிளின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, அது போன வழியே தானும் போனார். சுவர், மேசைக்கால், மேசை விளிம்பு, மேலாளரின் தண்ணீர்க் கோப்பை. கேபிள் முடிந்த இடத்தில், பரிசோதகரின் மடிக்கணினிமேல், அக்காவின் விரல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை அக்கா அதை எடுக்கவில்லை.