நரிவெங்காயத்துக்காக இருமுறை கொட்டாம்பட்டி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 6.10. வானம் மூடிக் கிடந்தது. தூறல், காற்று இல்லை. பழங்காநத்தத்தில் பேருந்து ஏறினேன். மாட்டுத்தாவணிக்கு 15 ரூபாய், அங்கிருந்து கொட்டாம்பட்டிக்கு 45. எழுபத்தாறு வயதில் மழையில் எதற்கு என்றாள் மகள். முழங்கால் என்னுடையது என்றேன்.

போன காரணம் ஒரு செடி. நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே ஒரு பாறைமேட்டில், மழைக்கு மட்டும் இலை விடும் காட்டுக் கிழங்கான நரிவெங்காயம் முளைக்கிறது. அதன் இலைத்துளைகளைப் போன வருடம் நுண்ணோக்கியில் எண்ணினேன். என் மொட்டைமாடித் தொட்டியிலுள்ள அதே இனத்துச் செடிக்கு 62 துளை தெரிந்த வட்டத்தில், பாறைச் செடிக்கு 39தான். துளைகள் பெரியவை, ஆகவே எண்ணிக்கை குறைவு. செல் பெரிதென்றால் அதற்குள்ளிருக்கும் மரபுத்தொகை, அதாவது டி.என்.ஏ. மொத்தம், பெரும்பாலும் பெரிது. இது இரட்டித்த செடி என்றேன். வில்லாபுரம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் பேராசிரியை சிரித்தார்.

"அம்புட்டுச் சுமையத் தூக்கிக்கிட்டு காஞ்ச பாறையில எந்தச் செடி சார் பிழைக்கும்? பச்சை இலை கொண்டாங்க. மெஷின் சொல்லட்டும்."

செல்லின் டி.என்.ஏ. அளவைக் காட்டும் அந்த மெஷினில் தொட்டிச் செடியை அவர் முன்பே அளந்துவிட்டார். மெஷின் நாளை பழுதுபார்க்கச் சென்னை போகிறது. எப்போது திரும்பும் என்று அவருக்கே தெரியாது. அடுத்த மழைக்கு நான் இருப்பேனா என்று எனக்கும் தெரியாது. இன்று நான்கு மணிவரைதான் அவகாசம்.

கொட்டாம்பட்டியில் ஆட்டோ, போய்வர 160. ஆறு இலைகளை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்தேன். திரும்பும் பேருந்துக்கு 45. மணி 11-க்கு மாட்டுத்தாவணி. இலையை நறுக்கப் புது பிளேடு வேண்டும். பத்து வருடமாகத் தெரிந்த குளிர்பானக் கடை பாயிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அலைந்து 10 ரூபாய்க்கு பிளேடு வாங்கி வந்தேன். அவர் 20 ரூபாய்க்கு எலுமிச்சை சோடா உடைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்தார்.

"வாடிறாம பாத்துக்கிட்டேன் சார்."

இலைகள் கண்ணாடி போல் விறைத்திருந்தன. உறைந்தால் செல் உடையும், உட்கரு சிதையும், அளக்க ஒன்றும் மிஞ்சாது. கத்திவிட்டேன்.

"நம்ம மல்லிப்பூ ஐஸ்லதான சார் ஊரு ஊராப் போகுது! இதுக்கு மட்டும் என்ன கேடு?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "செஞ்சது நான். வண்டிய எடுக்குறேன், ஏறுங்க."

"தொண்ணூறு கிலோமீட்டர் பாய், போக வர."

"எண்ணிக்கிட்டே உக்காந்திருங்க, வந்துரும்."

கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மேலூரில் கனமழை. ஒதுங்கலாம் என்றார், கூடாது என்றேன். மகள் இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

பாறையில் நின்று பாய் கேட்டார்: "இந்த வெங்காயத்துக்கா இம்புட்டுப் பாடு?"

"கறிக்குப் போடுற வெங்காயம் இருக்கே, அதோட ஒரு செல்லுல மனுஷனுக்கு இருக்கிறதப்போல அஞ்சு மடங்கு டி.என்.ஏ. இருக்கு பாய்."

"அப்ப எங்க வீட்டம்மா தெனமும் என்னைய விடப் பெரிய ஆளத்தான் நறுக்குறா. அதான் அந்த அழுகை."

3.25-க்கு ஆய்வகம். பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்தார், பிளேடை வாங்கினார். இலையை நறுக்கி, வடிகட்டி, சாயமிட்டார். மெஷின் திரையின் வரைபடத்தில் ஒரு மேடு எழுந்தது. தொட்டிச் செடியின் மேடு நின்ற இடத்திலல்ல. அதைப்போல் இருமடங்கு தள்ளி. மீண்டும் ஓட்டினார். அதே இடம்.

"இரட்டைதான் சார்" என்றார். "எப்படிப் பிழைக்குதுன்னுதான் புரியல."

என் கணிப்பைச் சொன்னேன். மரபுத்தொகை சிறிதான செடிகள் மழை வந்தபின் செல்களை விறுவிறுவென்று பெருக்கும். இது கோடையிலேயே கிழங்குக்குள் செல்களைச் செய்து வைத்துக் காத்திருக்கிறது. மழையில் நீரை நிரப்பி விரிப்பதுதான் பாக்கி. சுமை அல்ல, முன்னேற்பாடு. அவர் மறுக்கவில்லை, ஒப்பவுமில்லை. மெஷின் திரும்பினால் இன்னும் இருபது செடி அளக்க வேண்டும் என்றார். வருவேன் என்றேன்.

பெட்ரோலுக்கு 200 ரூபாயை பாயின் சட்டைப்பையில் திணித்தேன். வீட்டுக்கு ஆட்டோ 100. மாடி ஏறித் தொட்டிச் செடியைப் பார்த்தேன். பாதி மரபுத்தொகை, தினமும் தண்ணீர். ஆனாலும் இலை நுனி கருகித்தான் இருக்கிறது.

எவ்வளவு ஆயிற்று என்று மகள் கேட்டாள். குறைத்துச் சொல்லவில்லை: 595 ரூபாய்.