நல்லெண்ணெய்த் திரி தின்ற எலி

பிள்ளைகளே, உறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீங்கள் வெயிலில் வைக்கும்போதெல்லாம், பண்டாரவளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த லயத்துக் காம்பரா எனக்கு ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் கடைசி அது. உங்களில் மூத்தவள் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அதற்கு முந்தைய பிள்ளை தங்கவில்லை. அந்தப் பயத்தில் அம்மா மார்கழி முழுக்க விடியற்காலையில் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டு இருவரும் பேர் பதியும் பெரட்டுக்கும், அங்கிருந்து மலைக்கு வேலைக்கும் போவோம். வேலை முடிந்து வந்து, மிஞ்சிய திரியைத் துளசியின் அடியில் போடவேண்டும்.

திரி காணாமல் போகத் தொடங்கியது. விளக்கு துடைத்ததுபோல் இருக்கும்.

"யாரோ எடுக்கிறாங்க," என்றாள் அம்மா.

"பூட்டின வீட்டுக்குள்ள யாரு வருவா?"

"சாவி வைக்கிற எடம் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்ல."

அந்த அக்காதான் பிரசவத்துக்குத் துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர். மாசமாக இருப்பவளின் விளக்குத் திரியை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறும் சரியாக இறங்கவில்லை. எனக்குப் பிள்ளையை நினைத்துத்தான் பயம்.

நல்லெண்ணெய் தீர்ந்ததும் தேங்காயெண்ணெய் ஊற்றினோம். பகலிலும் பனிமூட்டம் விலகாத குளிர். மாலையில் வந்து பார்த்தால், விளக்கு பாதியில் அணைந்து, வெள்ளையாக உறைந்த மிச்ச எண்ணெயில் திரி அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? நேர்த்தி எண்ணெயத்தான் தேடி எடுக்கிறா."

திரும்ப நல்லெண்ணெய் வாங்கினேன். திரும்பவும் திரி போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குப் பின்னாலிருந்த விறகை இழுத்தேன். பஞ்சும் சாக்கு நாரும் சேர்ந்த ஓர் எலிக்கூடு. அதில் எண்ணெய் மினுங்க, பாதி கடித்த திரிகள். அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நடுச்சுவர் வழியாக அவர்கள் பேச்சுக் கேட்டது.

"என்னடி, இத்தனை நாளா வாய்க்குப் பூட்டு. இன்னைக்குச் சீனி போட்ட தேத்தண்ணியா?"

"திரிய எலி தின்னுருக்கு அக்கா."

"அப்ப என்னைய எலின்னு நெனச்சியா?"

"அதவிட மோசமா நெனச்சேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் சுவர் அதிர்ந்தது.

மார்கழி முடிந்தும் அம்மா தேங்காயெண்ணெய் ஊற்றி விளக்கேற்றி வந்தாள்; சித்திரை வெயில் வந்ததும் அந்த எலி தேங்காயெண்ணெய்த் திரியையும் இழுத்துப் போனது. குளிரில் மட்டும் ஏன் தொடவில்லை? உறையாத எண்ணெய்தான் அந்தக் குளிருக்கு அதன் உடம்பு கேட்டதோ என்னவோ. நான் அவ்வளவு படித்தவனில்லை. நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

மூத்தவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அந்த அக்காதான்.

அந்த மார்கழியின் மிச்ச நாட்களில் அம்மா ஒரு திரியை நல்லெண்ணெயில் நனைத்து விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் விளக்கேற்றினாள். ஏன் என்று கேட்டேன்.

"கூடு கட்டியிருக்குல்ல. அதுவும் மாசமா இருக்கும்போல," என்றாள்.