சோல்மோனின் நீல அங்கி

சோல்மோனுக்கு இடது கண்ணில் புரை. நகரத்து மருத்துவமனையில் அறுவைக்குக் கொடுத்த இரண்டு தேதிகளையும் தவறவிட்டாள். இந்த முறையும் வராவிட்டால் அடுத்த குளிர்காலம்தான் என்று சொல்லிவிட்டார்கள். போய்த் திரும்ப மூன்று நாள். நூற்று நாற்பது ஆடுகளை யாரிடம் விடுவது?

முன்பெல்லாம் ஆடுகள் குளம்பால் பனியைக் கிளறித் தாமே மேய்ந்துகொள்ளும். அப்படி மேய்ந்து மேய்ந்துதான் நிலம் மொட்டையானது. மூன்று குளிர்காலமாக மேய்ச்சல் நிலத்தை அடைத்துவிட்டு, கொட்டகையிலேயே காலையும் மாலையும் காய்ந்த புல்லும் மக்காச்சோளமும் போடுகிறாள். பலன் இல்லாமல் இல்லை. வேலிக்கு அப்பால் பனிக்கு மேலே புல் தலைநீட்டி நிற்கிறது. ஆனால் ஆடுகள் வேலிக்குள். ஆடுகளுக்காக அவளும் வேலிக்குள். கணவன் இறந்த பிறகு ஒருவேளைத் தீவனத்துக்குக்கூட மாற்று ஆள் இல்லை.

பக்கத்து நிலத்துக்காரன் செங்கே, மூன்று நாளும் தானே தீவனம் போடுவதாகச் சொல்லி வந்தான். அவன் தொட்டியருகே போனதுதான் தாமதம், சினை ஆடுகளெல்லாம் மிரண்டு பின்சுவரில் ஒன்றின் மேல் ஒன்று நெரிந்தன.

"வெளிய வா! குட்டியெல்லாம் கலைஞ்சுரும்!" என்று கத்தினாள் சோல்மோன்.

"நான் என்ன ஓநாயாக்கா?"

அவள் யோசித்தாள். பிறகு தன் அழுக்கேறிய நீல அங்கியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இதப் போட்டுக்கிட்டுப் போ. வாயத் தொறக்காத."

"இந்தக் கோலத்துல எவளாச்சும் பாத்தா, இந்த ஜென்மத்துல எனக்குக் கல்யாணம் ஆகாது."

"இல்லன்னா மட்டும் வரிசையில நிக்கிறாளுங்களா?"

அங்கியின் கை முழங்கை வரைகூட எட்டாமல் நிற்க, செங்கே உள்ளே போனான். ஆடுகள் மோப்பம் பிடித்தன. ஒன்று வந்தது. பின்னாலேயே எல்லாம் வந்து தொட்டியில் வாய் வைத்தன.

சோல்மோன் அவனுடைய தோல் சட்டையை மாட்டிக்கொண்டு, கிழட்டு ஆட்டுக்குத் தனியாக வைக்கச் சொல்லக் கதவருகே போனாள். ஆடுகள் தலை தூக்கின. மறுபடி சிதறின.

"கிட்ட வராதீங்கக்கா! உங்களப் பாத்துத்தான் மிரளுது. போங்க, பஸ் வந்துரும்."

அவள் பின்வாங்கினாள். மூன்று வருடமாகத் தான் இல்லாமல் இவை பிழைக்காது என்று நினைத்திருந்தாள். பிழைத்துக்கொள்ளும், அந்த அங்கிக்குள் யாராவது ஒருவர் இருந்தால் போதும்.

சாலையை நோக்கி நடந்தாள். விட்டுப் போவது லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்து அந்த அங்கிக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். வேலியைத் திறந்து ஆடுகளைப் புல்லுக்கு விட இன்னும் நான்கு மாதம் இருந்தது.