இரண்டாவது கை உப்பு

என் சித்திக்குச் சமைக்கத் தெரியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது. அவளுக்கு நன்றாகவே தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் காலம். சின்னமனூருக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு இருந்தது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. தாயில்லாத பிள்ளை என்று அம்மா அவளை எங்கள் வீட்டில் வைத்தே வளர்த்தாள். அடுப்பங்கரைப் பக்கம் அவளை விட்டதே இல்லை. தை மாதத்தில் பண்ணைப்புரத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனி மாதம் ஒரு மத்தியானம், கையில் தகரப்பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். கூட வந்த வண்டிக்காரர், சித்தியின் மாமியார் சொல்லி அனுப்பியதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"புள்ளைக்கு ஒரு குழம்பு வைக்கத் தெரியலையாம். கத்துக்கொடுத்து அனுப்புவீகளாம். அதுவரைக்கும் இங்கனயே இருக்கட்டுமாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார். சித்தி மட்டும் அழவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, எனக்குப் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். மாமியார் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

மறுநாளே பாடம் தொடங்கியது. முதல் பத்துநாள் சோறு குழைந்தது, ரசம் கசந்தது, பருப்பு அடிப்பிடித்தது. அப்பா மோரை ஊற்றிச் சமாளித்தார். பிறகு ஒருநாள் சித்தி வைத்த கத்திரிக்காய் மொச்சைக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, அப்பா இலையை வழித்து நக்கினார். அப்பா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆடி பிறப்பதற்குள் சித்தியின் கை அம்மாவின் கையைத் தாண்டிவிட்டது.

குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எதிர்வீட்டு அத்தை பண்ணைப்புரத்தில் பிறந்தவள். சித்தியின் மாமியாருக்கு ஒருவகையில் சொந்தம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது கையில் கிண்ணத்தோடு வந்து, "என்ன கொழம்பு இன்னைக்கு, கொஞ்சம் ஊத்து" என்பாள். மற்ற நாட்களில் எல்லாம் சரியாக இருக்கும் குழம்பு, அத்தை வருகிற நாளில் மட்டும் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். அத்தை துப்பிவிட்டுப் போவாள். அம்மா தெருவுக்கே கேட்கும்படி சித்தியைத் திட்டுவாள். அத்தையின் தலை மறைந்ததும் அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். திட்டியவள் எதற்குச் சிரிக்கிறாள், திட்டு வாங்கியவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

ஒருநாள் நானே கண்டுபிடித்தேன். சித்தி குழம்புக்கு உப்புப் போட்டு, கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. சித்தி மறுபடி உப்புச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு கை அள்ளிக் குழம்பில் போட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. விஷயம் இவ்வளவுதானா? சித்திக்கு ஞாபகமறதி. ஆள் வந்தால் பதறிப்போய், போட்ட உப்பை மறந்து இரண்டாவது தடவை போட்டுவிடுகிறாள். பாவம்.

இதில் எனக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. வாய்க்காலில் குளிக்கப் போனால் மற்ற பிள்ளைகள் என்னை "ஏ, உப்புச்சித்தி மகளே" என்று கூப்பிட்டார்கள்.

சித்தப்பா வாராவாரம் சின்னமனூர் சந்தைக்கு வருவார். எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். சந்தைநாளில் சித்திக்கு மட்டும் குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோகும். என்னையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போவாள். அங்கே நாவல்மரத்தடியில் சித்தப்பா நிற்பார். என்னைப் பழம் பொறுக்கச் சொல்லிவிட்டு இருவரும் பேசுவார்கள். பழம் பொறுக்கினாலும் என் காது சும்மா இருக்காது.

"போடிமெட்டுல ஏலத்தோட்டத்து ஸ்டோர்ல வேலைக்குச் சொல்லியிருக்கு. கார்த்திகையிலதான் வீடு குடுப்பாகளாம்" என்றார் சித்தப்பா ஒருநாள். "அதுவரைக்கும் எப்படியாச்சும் சமாளிச்சிரு."

"ஒங்க ஆத்தா அதுக்கு முன்னாடி கூப்பிட வந்துட்டா?"

"அதான் சமாளிங்கிறேன்."

சித்தப்பாவுக்கும் சித்தியின் சமையலைப் பற்றிக் கவலை என்று நான் புரிந்துகொண்டேன். வேறு எதைச் சமாளிக்கச் சொல்வார்?

இன்னொரு நாள் சித்தி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. "அங்கன ரெண்டு வார்த்தை பேச முடியாதுக்கா. இவுக எங்கிட்ட ஒரு செம்புத் தண்ணி கேட்டாக்கூட, நான் தாரேன்னு அவுக ஆத்தா எந்திரிச்சு வந்துருவாக. சோறும் அவுகதான் போடணும். நான் வச்ச கொழம்பைக் கீழ ஊத்திட்டு அவுகளே மறுபடி வைப்பாக." தண்ணீரை யார் கொடுத்தால் என்ன, தாகம் தீர்ந்தால் சரிதானே என்று நினைத்தேன்.

ஆவணியில் சித்தியின் மாமியார் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சின்ன வயதிலேயே தாலியறுத்து, ஒற்றைப் பிள்ளையை உழுதும் களையெடுத்தும் வளர்த்தவர். நெடுநெடுவென்று உயரம், கணீரென்ற குரல். அம்மா கோழி அடிக்கிறேன் என்று எழுந்தாள்.

"கோழியெல்லாம் வேணாம் மதினி. சோறும் மொச்சைக் கொழம்பும் போதும். ஆனா அவதான் வைக்கணும், நீங்க கூட நிக்கக்கூடாது. நல்லா இருந்துச்சுன்னா இன்னைக்கே கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

அம்மாவின் முகம் வெளுத்தது. சித்தப்பா மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இவர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்? சித்திக்குத்தான் நன்றாக வைக்கத் தெரியுமே. ஞாபகமறதி ஒன்றுதானே குறை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அடுப்பங்கரையில் சித்தியும் நானும் மட்டும் இருந்தோம். குழம்பு கொதித்தது. உப்புப் போட்டாள், உள்ளங்கையில் விட்டு நக்கினாள், தலையை ஆட்டினாள். இலை எடுத்து வரக் கொல்லைப் பக்கம் போனாள். நான் உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுத் தவிட்டுப் பானைக்குள் அமுக்கி, மேலே தவிட்டை அள்ளிப் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சித்தி திரும்பி வந்தாள். உப்பு இருந்த இடத்தில் கையை விட்டாள். விறகுக்குப் பின்னால் பார்த்தாள். உறியைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் பெருமையோடு சிரித்தேன்.

"ஏ புள்ள, உப்பு எங்க?"

"நீதான் ஏற்கெனவே போட்டுட்டியே சித்தி" என்றேன் ரகசியமாக. "ஒனக்கு மறந்துபோச்சு."

அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் முன்பக்கத்துப் பட்டாசாலையிலிருந்து, "என்ன, ஆச்சா?" என்று மாமியாரின் குரல் வந்தது. சித்தி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அப்பா, சித்தப்பா, மாமியார் மூன்று பேருக்கும் இலை போட்டார்கள். பெண்கள் பிறகு சாப்பிடுவதுதான் வழக்கம். மாமியாரோ, ருசி பார்க்க வந்தவள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மகன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தி பரிமாறினாள். மாமியார் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். அவருடைய புருவம் மெதுவாக உயர்ந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு பரவத் தொடங்கியது. என் மனசு கெக்கலி கொட்டியது.

அப்போது சித்தப்பா கையை உதறினார்.

"தூ... ஒரே உப்பு. மனுசன் திம்பானா இதை?"

மாமியார் திரும்பிப் பார்த்தார். "ஏலே, எனக்குச் சரியாத்தானடா இருக்கு."

"ஒனக்கு நாக்கு மரத்துப்போச்சு ஆத்தா. அண்ணே, நீங்க சொல்லுங்க."

அப்பா ஊரில் பொய் சொல்லாத மனிதர் என்று பேர் எடுத்தவர். வாய்க்கால் தகராறு வந்தால் இரண்டு தரப்பும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் சித்தப்பாவின் முகத்தை ஒருகணம் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தபடி, "உப்புத்தான். கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

உப்புச் சட்டி தவிட்டுப் பானைக்குள் அல்லவா கிடக்கிறது!

அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "ஐயையோ, என்னடி இப்படி கரிக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சித்தி தலை குனிந்து நின்றாள். மாமியார் இன்னொரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில், கதவோரம் நின்ற என்மேல் அவருடைய கண் விழுந்தது.

"இங்க வா ஆத்தா. இந்தா, ஒரு வாய் வாங்கிக்க. நீ சொல்லு, உப்பா?"

தன் கையாலேயே ஓர் உருண்டை உருட்டி எனக்கு ஊட்டினார். வாய்க்குள் சோறு இருந்தது. சித்தி என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பா பார்த்தார். அப்பா இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை பெரியவர்கள் உப்பு என்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை நான் கவனிக்காதபோது சித்தி இரண்டு கை போட்டுவிட்டாளோ? மென்றுகொண்டே இருந்தேன். மெல்ல மெல்லக் கரிப்பது போலவும் இருந்தது, கரிக்காதது போலவும் இருந்தது. இன்றுவரை, அன்று என் நாக்கு உண்மையில் எதை உணர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

"உப்புத்தான்" என்றேன்.

மாமியார் மகனைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். சித்தப்பா நிமிரவே இல்லை. பிறகு மாமியார் இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று சித்தியிடம் கேட்டார். உப்பு என்று எல்லாரும் சொன்ன குழம்பை இவர் எதற்கு இரண்டாம் தரம் வாங்குகிறார் என்று நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். சித்தி ஊற்றினாள். அவளுடைய கண்ணீர் ஒரு சொட்டு இலை ஓரத்தில் விழுந்தது. மாமியார் அதையும் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார் கை கழுவும்போது. "இன்னும் ரெண்டு மூணு மாசம் இங்கனயே இருக்கட்டும். நல்லாக் கத்துக்கிடட்டும்."

அப்புறம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் சித்தப்பா மட்டும் தனியாக வந்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலையும் தகரக்கூரை போட்ட ஒரு வீடும் கிடைத்திருந்தன. சித்தியைப் பண்ணைப்புரத்துக்குக் கூட்டிப்போகாமல் நேரே போடிமெட்டு மலைக்குக் கூட்டிப்போனார். அங்கே நாற்பது வருஷம் இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். சித்தி எல்லாவற்றையும் அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தாள் என்பதும், அப்பாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தன. தவிட்டோடு உப்பைத் தின்ற மாடு அன்று சாயங்காலம் தொட்டித் தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்த்ததற்கு நான் வாங்கிய அடி தனிக்கதை.

ஆனால் என் மனசில் திரும்பத் திரும்ப வருவது, ஆவணியில் அந்தச் சாப்பாடு முடிந்து மாமியாரும் சித்தப்பாவும் கிளம்பிய நேரம்தான். வண்டி பூட்டியாகிவிட்டது. சித்தப்பா முன்னால் ஏறி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் ஏறி வைக்கோல்மேல் உட்கார்ந்ததும் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏத்தா, நீயாச்சும் எங்கூட வாரியா? பண்ணைப்புரத்துல வந்து பத்துநாள் இரு. ஒனக்குப் பிடிச்சதெல்லாம் பொங்கித் தாரேன்."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பெரியவர்கள் சிரித்தால் அது வேடிக்கைதான் என்று எனக்குத் தெரியும். நானும் சிரித்துக்கொண்டே ஓடி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன். கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. விளையாட்டு முடிந்த பிறகும் அவர் ஏன் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.