வெட்டாத நகம்

அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் லாரி எஞ்சின் சிலிண்டர்களைக் குடைந்து, ஹோனிங் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குபவர் கன்னியப்பன். ஆள்காட்டி விரல் நகத்தை உள்ளே ஓட்டி, பிசிறு தட்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டார்.

1956இல் மர்பி டவுனில் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நகம் வெட்ட நாவிதர் வந்தபோது அந்த ஒரு விரலை மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதுல கை வெச்சா கல்யாணமே வேணாம், போய்யா!"

பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள்.

மணமேடையில் மெட்டி போடும் நேரம். கன்னியப்பன் மெட்டியின் உட்புறம் நகத்தை ஓட்டினார். எங்கோ தட்டியது.

"பிசிறு இருக்கு, குத்தும். கொஞ்சம் இருங்க."

சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் கல்லை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். புரோகிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

மணப்பெண் காந்தா குனிந்த தலை நிமிராமல் மெல்லச் சொன்னாள்:

"அந்தக் கால் மெட்டியையும் பாத்துடுங்க."