பூங்காவனத்தின் உப்பும் ஞானாபரணம் ஐயரும்

தொலைபேசியில் செய்தி சொன்னவர் ஏழுமலை, எங்கள் லுத்தரன் செமினரியின் சமையற்காரர். "சார், நம்ம ஞானாபரணம் ஐயர் காலையில போயிட்டாருங்க. இட்லி கேட்டாரு. எடுத்துட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். "சட்னியில உப்பு கம்மின்னு நேத்துகூடச் சொன்னாருங்க" என்று சேர்த்துக்கொண்டார். ஐயரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

போதகர்களை ஐயர் என்று அழைக்கும் சபை எங்களுடையது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய அந்த செமினரியில் அவர் திருச்சபை வரலாறு கற்பித்தார். நான் தமிழ் கற்பிக்கிறேன். அவருக்கு ஜெர்மன் தெரியும், எனக்கு அவரைத் தெரியும். இந்த இரண்டு தகுதிகளையும் கருதி, செமினரியின் நூற்றாண்டு வரலாற்றை அவர் எழுதவும் நான் செப்பனிடவும் ஆட்சிக்குழு தீர்மானித்தது.

வரலாறு என்று எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் நிறுவன நாளன்று மாணவர்கள் உப்பில்லாக் கஞ்சி குடிப்பார்கள். செமினரியை நிறுவிய ஜெர்மன் மிஷனரி, இந்த நாட்டின் பாவங்களுக்காக உப்பை விலக்கி நோன்பிருந்தாராம். மாணவர்கள் கூடத்துத் தரையில் வரிசையாக அமர்ந்து அந்தக் கஞ்சியைக் குடிக்கையில், ஆட்சிக்குழுவினர் பக்கத்து அறையில் விரிப்புப் போட்ட மேசையில் அமர்ந்து அதே நோன்பைப் பிரியாணியுடன் நினைவுகூர்வார்கள்.

ஆழிப்பேரலையின்போது கடல் எங்கள் நூலகத்தின் கீழ்த்தட்டுவரை வந்தது. அதற்கு முன் அந்தத் தட்டை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. மிஷனரி எழுதிய கடிதங்களின் நகல்கள் ஒரு பெட்டியில் அங்கே இருந்தன. அலையில் வீடிழந்து பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து வந்து செமினரியில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு மதியச் சாப்பாடு பரிமாறி முடித்தபின், ஐயர் மொட்டைமாடிக்குப் போய் நனைந்த தாள்களை விரித்து, மேலே செங்கல் துண்டு வைத்துக் காயப்போடுவார். காயும்வரை சும்மா இருக்கத் தெரியாதவர், படிக்கத் தொடங்கினார். ஒருநாள் கைப்பிடிச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"சார், மேல வாங்க. நம்ம பரிசுத்தவான் உப்பு கேட்டு அழுதிருக்காரு!"

கடிதம் சொன்னது இதுதான். முதல் ஆண்டு மாணவர்களில் ஐந்து பேர், சேரியிலிருந்து வந்த மாணவர்களுடன் ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள். மிஷனரி இரண்டு பந்திகளுக்கு ஒப்புக்கொண்டார். சமையல் செய்த பூங்காவனம் என்ற உப்பளத்துப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் உட்காரும்வரை யாருக்கும் உப்புக் கிடையாது என்றுவிட்டாள். சன்னலைத் திறந்தால் உப்புக் குவியல். ஆனால் அளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளுடைய உறவினர்கள். ஒரு பிடி பெயரவில்லை. பதினோராம் நாள் ஐவரும் வந்து உட்கார்ந்தார்கள். மிஷனரி நோன்பிருந்தது உண்மைதான், விரும்பி இருக்கவில்லை.

ஐயர் இதை முதல் அத்தியாயமாக எழுதினார். ஐந்து பெயர்களையும் எழுதினார். ஆட்சிக்குழுத் தலைவர், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, கைப்பிரதியை மூடி வைத்தார்.

"ஐயரே, எங்க தாத்தா பேரு இதுல வருதே."

"எங்க தாத்தா பேரும் வருதுங்க. உங்க தாத்தாவுக்கு அடுத்த பேரு."

"அப்புறம் எதுக்குங்க இது? எடுத்துடலாமே?"

"காலண்டர் அடிக்கிறதா இருந்தா எடுத்துடலாம். புக்குன்னா இருக்கணும். ஊறுகாயில புடிச்ச துண்டை மட்டும் பொறுக்கிற மாதிரி வரலாற்றைப் பொறுக்க முடியாதுங்க."

அத்தியாயத்தை நீக்குவதென்று தீர்மானம் நிறைவேறியது. பக்கங்களைக் குறுக்குக் கோடிட்டு அடித்தது என் பேனாதான். ஐயர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கோட்டை லேசாப் போடுங்க சார், பின்னாடி படிக்க முடியணும்" என்றார்.

அடுத்து வந்த நிறுவன நாளன்று காலையிலேயே அவர் சமையலறைக்குப் போனார். நானும் உடனிருந்தேன்.

"பிரியாணியிலயும் உப்பு போடக் கூடாதா ஐயரே?" என்று ஏழுமலை கரண்டியைக் கீழே வைத்தார். "என் வேலை போயிடும்."

"போவாது. பூங்காவனத்துக்கே போவல."

மதியம் மேசையில் முதல் கவளம் உள்ளே போனதும் கைகள் தட்டிலேயே நின்றன. தலைவர் மட்டும் மென்றபடியே, "ஏம்பா ஏழுமலை, உப்பு எங்க?" என்றார். ஏழுமலை ஐயரைப் பார்த்தார். கூடத்துப் பந்தியில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்த ஐயர், கதவு வழியே குரல் கொடுத்தார்.

"உப்பு இங்க இருக்குதுங்க. இன்னும் ஏழு தட்டு வைக்க இடமும் இருக்குது."

தலைவர் தம் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்து, ஐயருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டார். மற்ற ஆறு பேரும் வந்தார்கள். தலைவர் இல்லாத மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது எங்கள் நிர்வாகத்தின் பலம். ஏழுமலை உப்புக் கிண்ணத்துடன் வரிசையின் முதலிலிருந்து தொடங்கினார். செமினரியின் நிறுவன நாள் கஞ்சியில் முதன்முதலாக உப்பு விழுந்தது அன்றுதான்.

கை கழுவும்போது தலைவர் சொன்னார்: "அந்த அத்தியாயத்தைப் போட்டுடுங்க. எங்க தாத்தா பதினோராவது நாள் வந்து உக்காந்தாருங்கறதையும் சேத்து எழுதுங்க."

"அது ஏற்கெனவே இருக்குதுங்க. நீங்க அதுவரைக்கும் படிக்கல" என்றார் ஐயர்.

நூல் அந்த அத்தியாயத்துடனேயே வெளிவந்தது. அச்சான முதல் பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார்.

அவருடைய ஜெர்மன் அகராதி நூலகத்துக்குப் போகிறது. குடையை அடக்கத்துக்கு வந்த யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது, சாப்பிட உட்காருமுன் பந்தி எங்கே முடிகிறது என்று பார்க்கும் பழக்கம். அடக்கம் முடிந்து கூடத்தில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோதே அது தொடங்கிவிட்டது. ஏழுமலை உப்புக் கிண்ணத்துடன் என் அருகில் வந்து குனிந்தார்.

"சார், போட்டுடலாமா?"

பக்கத்து அறையில், வெளியூரிலிருந்து வந்த பெரியவர்களுக்காக யாரோ பழக்கதோஷத்தில் மேசைவிரிப்பை விரித்து, அவர்களை அங்கே உட்காரவைத்திருந்தார்கள்.

"இருங்க ஏழுமலை. அந்த ரூம்ல இருக்கிறவங்களும் வரட்டும்" என்றேன்.

கஞ்சி ஆறுவதற்குள் மேசை காலியாகிவிட்டது.